வாந்தி வராத வண்டி

பலாங்கொடையிலிருந்து ஓப்பநாயக்க வரைக்கும் உள்ள வளைவுகளில் நான் வாந்தி எடுக்காத வளைவு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார். நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்து, பெற்றோல் ஷெட்டைத் தாண்டி வருகிற சின்ன வளைவில் இன்னும் எடுக்கவில்லை என்றேன்.

வண்டியில் ஏறினால் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பின்னால் குளிர்ந்துபோகும், வாயில் தண்ணீர் ஊறும், அதற்குப் பிறகு நடப்பதை பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தேன், இஞ்சியை மென்று பார்த்தேன், மருந்துக்கடை மாத்திரையும் போட்டுப் பார்த்தேன். மாத்திரை போட்டால் தூக்கத்தோடு வாந்தி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் என் வாழ்க்கையையே நடந்து போகிற தூரத்துக்குள் வைத்துக்கொண்டேன். எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். வீட்டிலிருந்து படியேறி நடந்தால் வந்துவிடும். வீடு தோட்டத்துக்குக் கீழே மெயின் ரோட்டோரம். அதை ஒட்டினாற்போல் என் வீட்டுக்காரருடைய கராஜ். தூரத்தில் கலியாணம் என்றால் அவர் மட்டும் போவார், நான் ஒரு சேலையைக் கொடுத்தனுப்புவேன். எங்கள் மகள் பிறந்தபோது தோட்டத்து லொறியில்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரசவ வலி எனக்கு மறந்துவிட்டது. அந்த லொறி இன்னும் மறக்கவில்லை.

வண்டி திருத்துகிறவருக்கு வண்டியில் ஏற முடியாத பெண்சாதி. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. யுத்தம் முடிந்து வடக்கு ரோடு திறந்த பிறகு அவளுக்குக் கிளிநொச்சிப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். அந்தக் காலத்தில் கலவரத்துக்குப் பயந்து தோட்டத்தை விட்டுப் போய், ஒரு குளத்தோரம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கலியாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்ததால் நான் எங்கும் போக வேண்டி வரவில்லை. அதன் பிறகும் போகவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு அவளே பஸ் மாறி மாறி வந்துவிடுவாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு, பையில் நல்லெண்ணெய்ப் போத்தல். இறங்கும்போது தலைகூடக் கலைந்திருக்காது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு எப்படி இப்படி வேறு வேறு வயிறு வாய்த்தது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் சைக்கிளோடு வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அவள் வரவில்லை. போனில் கேட்டால் ஒன்றுமில்லை, ஒரு தடியை வைத்துக்கொண்டு நடக்கிறேன் என்பாள். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஒரு நீண்ட இடைவெளி. மறுபடியும் தடி. அடுப்படிக்குப் போய் வர அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை நான் காதாலேயே பார்த்தேன். அவள் திரும்பி வந்து போனை எடுத்ததும், நான் வந்து உன்னைப் பார்க்கிறேன் என்றேன்.

"நீயா? பஸ்ஸிலயா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரமே என் வீட்டுக்காரரோடு விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். பெல்மதுளையைத் தாண்டவில்லை. பஸ் நிலையத்து வாங்கில் என்னை உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். இரத்தினபுரியே இன்னும் வரவில்லை, கிளிநொச்சிக்கு எங்கே போவது என்று நான் அழுதேன். அவர் ஏசவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பேசினார். "பஸ் நமக்காக நிக்காது. நாம நிக்கச் சொன்னா நிக்கிற வண்டி ஒண்ணு வேணும்."

அவருக்கு அப்படி ஒரு வண்டி மேல் வெகு காலமாக ஆசை. முன்பொரு தடவை நாடு நாடாக வண்டியிலேயே சுற்றுகிற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, உடைந்த ஏதோ ஒரு கம்பியை ஒட்டுவதற்கு எங்கள் கராஜில் நிறுத்தினார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி. பின்னால் திறந்தால் கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்தன. அவர்கள் போன பிறகு மாதக்கணக்காக அதையே பேசினார். நாமும் ஒன்று வாங்கி, தெற்கே கடலில் தொடங்கி வடக்கே கடல் வரைக்கும், இருட்டுகிற இடத்தில் படுத்து விடிகிற இடத்தில் சமைத்துப் போய்விட்டு வரவேண்டும் என்பார். நாமும் என்றுதான் சொல்வார். ஆனால் அந்தப் பயணத்தில் நான் இருப்பதாக நானும் நினைத்ததில்லை, அவரும் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது அந்த ஆசைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தங்கச்சியின் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே குளக்கட்டோரம் இருக்கிறது. மழை பிடித்தால் வாய்க்கால் நிரம்பி ரோடு தண்ணீருக்குள் போய்விடும், டிராக்டர் மட்டும்தான் போகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். எனக்கு முடியாதபோது படுக்க ஒரு கட்டில் வேண்டும், அதற்கு நீளமான பின்பக்கம் வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய எஞ்சினாக இருக்க வேண்டும், வழியில் நின்றால் எந்தச் சின்ன ஊர்க் கராஜிலும் திருத்தலாம். டயர் எல்லா ஊரிலும் கிடைக்கிற அளவாக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, உனக்கு வாந்தி வராததாகவும் இருக்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து என்னிடம் டொக்டர் மாதிரிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். முன் சீட்டில் உட்கார்ந்தால் அதிகமா, பின் சீட்டிலா? வளைவு தொடங்கும்போதா, முடியும்போதா? குலுக்கல் ஆகவில்லையா, ஆட்டம் ஆகவில்லையா? இத்தனை வருஷம் எல்லோரும் சிரித்த ஒரு விஷயத்தை, எஞ்சினில் வருகிற ஒரு சத்தத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாக அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. தெரிந்தவரை பதில் சொன்னேன்.

முதலில் பலாங்கொடையில் ஒரு தோட்டத்து ஜீப்பைப் பார்த்தோம். ஒரு துரை பாவித்துக் கழித்தது. குட்டை வண்டி. கல்லில் ஏறினால் தலை கூரையில் முட்டியது. இரண்டாவது வளைவில் நான் கையைக் காட்டினேன், அவர் நிறுத்தினார். நீளம் பத்தாது, குலுக்கல் அதிகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அப்படியென்றால் மெத்தென்று போகிற வண்டியாக இருக்கட்டும் என்று, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியிடம் கூட்டிப் போனார். இரத்தினக்கல் காசில் வாங்கிய புதுமாதிரி டபுள் கேப், முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டும் உள்ள வண்டி. சீட் கட்டில் மெத்தை மாதிரி இருந்தது. கண்ணாடியில் மல்லிகை சென்ட் அட்டை தொங்கியது. கதவைச் சாத்தியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வண்டி குலுங்கவில்லை, தொட்டில் மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது. தொட்டில் ஆட்டியே பிழைக்கிற எனக்கு அது ஜீப்பை விட மோசமாகப் போயிற்று. ரோட்டோரம் குனிந்து நின்றேன், அவர் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல் வியாபாரி தூரத்தில் நின்று தன் சீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்.

நீங்க மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாங்க, நான் போனிலேயே பேசிக்கொள்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். மனம் விட்டுப்போய்த்தான் சொன்னேன்.

"உன் தங்கச்சி என்னையா பாக்கணும்னு இருக்கு?" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

மூன்றாவது வண்டி கரவனெல்லையில் இருந்தது. அங்கிருந்து தூரமில்லாத கேகாலையில் இன்னொன்றும் இருந்தது. கேகாலை வண்டியை அவர் ஏற்கெனவே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே மாறும். உயரமான, பரந்த வண்டி, பின்னால் ஒரு சின்ன வீடே கட்டலாம் என்பார். ஒரே நாளில் இரண்டையும் நான் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று கராஜில் கிடந்த வேனில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினார். அவிசாவளை தாண்டி கரவனெல்லைக்குப் போய்ச் சேரும்போது என்னிடம் வெளியே வருவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

வண்டிக்காரர் ஒரு சிங்கள மனிதர், அறுபது வயதிருக்கும். மேட்டில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர்க் காணி. மகன்மார் வெளிநாட்டில் இருப்பதால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, ரப்பர் ஷீட் ஏற்றி இறக்கிய வண்டியை விற்கிறார். பழைய ஜப்பான் டபுள் கேப். நீலம் வெளுத்து எந்த நிறம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. பின்பக்கம் முழுக்கப் புகை போட்ட ரப்பர் வாசனை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருடைய மனைவி எனக்குக் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நோனாவுக்கு என்ன சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு வண்டிதான் வியாதி என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கையைத் தடவிவிட்டார்.

என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே மேலே போகிற மண் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் ஓட்டினார், வண்டிக்காரர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கொஞ்சத் தூரத்திலேயே காதுக்குப் பின்னால் குளிர ஆரம்பித்தது. ஒரு சின்ன ஓடையைக் கடக்கிற பள்ளத்தில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றி வண்டி நின்றுவிட்டது.

அந்த மாதிரிப் பழைய வண்டியில் முன்சக்கரத்தின் நடுவே இருக்கிற பூட்டை இறங்கிப்போய்க் கையால் திருப்பினால்தான் முன்னாலும் இழுக்கும். ஒரு பக்கத்துப் பூட்டு சுலபமாகத் திரும்பியது. மற்றது துருப்பிடித்திருந்தது, என் வீட்டுக்காரர் ஸ்பேனரால் தட்டித் தட்டித் திருப்பினார். அதற்குள் சக்கரம் இன்னும் இறங்கிவிட்டது. கல் வைத்துத் தள்ளுவதற்கு இரண்டு பேரும் வெளியே நிற்க வேண்டும். ஸ்டியரிங்கில் ஆள் இல்லை. என்னைப் பார்த்தார்.

"நீ முன்னுக்கு வந்து உக்காரு. பிரேக் எயார் எடுக்கையில மிதிக்கிற மாதிரித்தான். கிளச்ச மெதுவா விடு, போதும்."

கராஜில் பிரேக்கிலிருந்து காற்றை எடுக்கும்போது பெடலை மிதித்துக்கொடுப்பது நான்தான். கலியாணமான நாளிலிருந்து எத்தனையோ வண்டிகளில் உட்கார்ந்து மிதித்திருக்கிறேன். ஒன்றும் நகர்ந்ததில்லை. அந்தத் தைரியத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கியரைப் போட்டுக்கொடுத்துவிட்டு இறங்கினார். கிளச்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு தரம் முனகியது, முன்பக்கம் மண்ணைக் கடித்துப் பிடித்தது, பள்ளத்தை விட்டு மாடு எழும்புகிற மாதிரி எழும்பி மேலே வந்தது. பின்னால் வண்டிக்காரர் ஹெமின், ஹெமின் என்றார். மெதுவாக என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நிறுத்துவது எப்படி என்பது மறந்துபோயிற்று. நிறுத்த வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ரோடு வளைந்தது, நானும் வளைத்தேன். மறுபடி வளைந்தது. மரத்துக்கு மரம் பால் வடிகிற சிரட்டை கட்டியிருந்தது, அதில் ஒன்றில்கூட இடிக்காமல் மேலே ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புகைக்காம்பரா முற்றம் வரைக்கும் போய், கிளச்சை மறந்து பிரேக்கை மட்டும் அழுத்தி மிதித்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். காதுக்குப் பின்னால் குளிர் இல்லை. வாய் காய்ந்திருந்தது. எனக்குப் பசித்தது. வண்டிக்குள் உட்கார்ந்து எனக்குப் பசி எடுத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் முழங்கால் வரை சேற்றோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஏன் நிறுத்தவில்லை, எங்கேயாவது அடிபட்டதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"வாந்தி வரலங்க," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையும் ஸ்டியரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கியர் போட்டுக் கொடுத்து, கீழே ஓட்டச் சொன்னார். ஓட்டினேன், ஒன்றும் செய்யவில்லை. இடம் மாறி உட்கார்ந்து அவர் மேலே ஓட்டினார். இரண்டாவது வளைவில் நான் கையைக் காட்டினேன். அதற்கு மேல் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. வண்டிக்காரர் யோசித்துவிட்டு, பஸ் டிரைவர் யாரும் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லையே பாஸ் என்று சிங்களத்தில் சொன்னார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

சிரிப்பு கேகாலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனையோ வருஷமாக மனதுக்குள் அவர் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நான் உட்கார வேண்டும். இந்த வயதில் நான் என்ன ஓட்டப் பழகுவது, வேண்டாம் என்று சொன்னேன்.

கேகாலை வண்டி அவர் சொன்ன மாதிரியே இருந்தது. கோயில் யானை மாதிரி நின்றது. அவருக்கு அதை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. என்னைத் தூக்கிவிடாத குறையாக டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். என் கால் கிளச்சுக்கு எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தார். எட்டியது, ஆனால் முழுக்க மிதிப்பதற்குள் என் தொடை நடுங்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். இரண்டு கையாலும் இழுத்தேன், பாதிதான் வந்தது. முன்னால் ரோடு தெரிகிறதா என்று கேட்டார். வானம்தான் தெரிகிறது என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை இறக்கிவிட்டு, எஞ்சினுக்கு மேலே உள்ள முன்மூடியை ஒரு தட்டுத் தட்டி, அந்தக் கேகாலை வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல வண்டி, எங்களுக்குச் சரிவராது என்றார். திரும்பிப் பார்க்காமல் வேனுக்கு வந்தார். வரும் வழியில் கரவனெல்லையில் நிறுத்தி, அந்த வெளுத்த நீல டபுள் கேப்பையே பேசி முடித்தார். என் கலியாண வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்தவற்றில் எதையாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால், அந்த முன்மூடியில் அவர் தட்டிய தட்டைத்தான் சொல்வேன்.

பழகுவது லேசாக இருக்கவில்லை. பலாங்கொடை டிரைவிங் ஸ்கூலில் என்னோடு பழகியவர்கள் எல்லோரும் இளம்பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேர் என் பிள்ளைக்காம்பராத் தொட்டிலில் கிடந்தவர்கள். லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டுகிற முதல் ட்ரயலில் ரிவர்சில் கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். அடுத்ததில் தேறினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்து ரோட்டில் பழக்கினார். நல்ல வாத்தியார் என்று சொல்ல மாட்டேன். அவர் பக்கத்தில் பிரேக் இல்லை, ஆனாலும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தார். மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் என்னைக் கண்டு கூடையோடு நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். சில பேர் கேலி பண்ணினார்கள். ஒரு அக்கா மட்டும் ரோட்டுக்கு இறங்கி வந்து, என்னையும் ஒரு தரம் ஏத்திக்கிட்டுப் போவியா என்று மெதுவாகக் கேட்டாள். ஏற்றிக்கொண்டு போனேன்.

அதற்கிடையில் அவர் வண்டியைப் பிரித்து மேய்ந்தார். பின்பக்கத்துக்குத் தகரக் கூரை போட்டு, அதற்குள் பலகைக் கட்டில் அடித்தார். கட்டிலுக்கு அடியில் தண்ணீர்க் கானும் காஸ் அடுப்பும். என் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து உயர்த்தினார். துருப்பிடித்த பூட்டைக் கழற்றி, குழந்தைகூடத் திருப்புகிற மாதிரிச் செய்தார். ரப்பர் வாசனை மட்டும் போகவில்லை. எனக்கு அது பழகிவிட்டது.

அடுத்த வருஷம் மார்கழியில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். ஓப்பநாயக்க வளைவுகளை முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு சின்ன நீர்வீழ்ச்சி இருந்தது. இத்தனை வருஷம் அது அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. இரத்தினபுரி, அவிசாவளை, கரவனெல்லை, கேகாலை என்று ஊர் ஊராகப் பின்னால் போயிற்று. மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், என் வீட்டுக்காரர் கையை நீட்டி அவர்களை முந்திப் போகச் சொன்னார்.

குருநாகலைத் தாண்டியதும் ரோடு நேராக விழுந்தது. எனக்குத் தோள் வலித்தது. அவரைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் கை இரண்டும் மடியில் சும்மா இருக்கத் தெரியாமல் இருந்தது. ஓரமாக நிறுத்தி, நீங்க கொஞ்சம் ஓட்டுங்க என்றேன். பயப்பட்டுக்கொண்டுதான் இடது பக்கம் உட்கார்ந்தேன். நேர் ரோட்டில், தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், வயிறு சும்மா இருந்தது. கொஞ்சம் குமட்டியது, அவ்வளவுதான்.

"அப்ப வளைவெல்லாம் ஒனக்கு, நேர் ரோடெல்லாம் எனக்கு," என்றார். அன்றைக்கு அவர் ஓட்டியதைப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளை பட்டம் விடுகிற மாதிரி இருந்தது. முடிவே இல்லாமல் நேராகக் கிடக்கிற ரோட்டை நானும் அதுவரை பார்த்ததில்லை. மலை இல்லாத இடத்தில் வானம் இவ்வளவு கீழே வரும் என்பதும் தெரியாது. அன்றிரவு தம்புள்ளைக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடை முற்றத்தில் கேட்டுக்கொண்டு நிறுத்தி, பலகைக் கட்டிலில் படுத்துத் தூங்கினோம்.

அடுத்த நாள் மத்தியானம் தங்கச்சியின் ஊர்ப் பாதை திரும்புகிற இடத்துக்கு வந்தோம். அவள் சொன்ன மாதிரியே வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதை தண்ணீருக்குள் கிடந்தது. எது ரோடு, எது வயல் என்று தெரியவில்லை. எதிரே டிராக்டரில் வந்த ஒருவர், போகலாம், ஆனால் நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் இறங்கி முன்சக்கரப் பூட்டு இரண்டையும் திருப்பினார். நேர் ரோடுதான், பேசிக்கொண்டபடி அது அவருடையது. ஆனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஒரு ஆள் முன்னால் நடந்து பார்க்க வேண்டும்.

"நீ ஓட்டு. நான் போற வழியிலயே வா. நான் நின்னா மட்டும் நில்லு," என்றார்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் வரை வந்தது. கம்பால் குத்திப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தார். அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, ஆகச் சின்னக் கியரில் நான் பின்னால் போனேன். தண்ணீர் கதவுக்கு அடியில் சலசலத்தது. இந்த மனிதர் வழுக்கினால் என்ன செய்வேன் என்ற நினைப்பில் எனக்கு வண்டி ஓட்டுவதே மறந்துபோயிற்று. அவர் ஒரு தரமும் நிற்கவில்லை. மறு பக்கம் ஏறியதும் சாரத்தைப் பிழிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

தங்கச்சி வாசலில் தடியோடு நின்றிருந்தாள். நாங்கள் வருவது தெரியும், எப்படி வருகிறோம் என்று நான் சொல்லவில்லை. வண்டி வேலிப் படலைக்குள் திரும்பியதும் இடது பக்கக் கண்ணாடியில் என்னைத் தேடினாள். அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் இந்தப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் வந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் இறங்கிக் கிட்டப் போகிற வரைக்கும் அசையாமல் நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

"சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

கொஞ்ச நாள் தங்கினோம். என் வீட்டுக்காரர், தங்கச்சி வீட்டுக்காரரோடு சேர்ந்து, நின்றுபோயிருந்த தண்ணீர்ப் பம்பைப் பிரித்துப் போட்டார். வடக்கே கடல் வரைக்கும் போகலாம் என்று வந்தவர், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தங்கச்சிக்கு நான் சமைத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன், அவள் காலைப் பிடித்து நடக்க வைத்தேன். விழுந்ததிலிருந்து அவள் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் மழை விட்டிருந்தது. என்னை வண்டியில் ஏற்றிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டாள். ஒரு மரப்பெட்டியைப் படியாக வைத்து அவளை முன் சீட்டில் ஏற்றினோம். குளக்கட்டைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். குளக்கட்டுப் பக்கம் திரும்பவே விடவில்லை. கடைக்குப் போகச் சொன்னாள். கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். பிறகு கோயிலுக்கு, பிறகு தாதியம்மா வீட்டுக்கு, பிறகு ஒவ்வொரு படலையாக. எல்லா இடத்திலும் ஹோர்ன் அடிக்கச் சொன்னாள். ஆட்கள் வெளியே வந்ததும், கண்ணாடி வழியாகக் கையை நீட்டி ஒரே வசனத்தைச் சொன்னாள்.

"எங்க அக்கா. பலாங்கொடையில இருந்து. அவங்களே ஓட்டிக்கிட்டு வந்தாங்க."

என்னை நேரில் நீ, வா, போ என்கிறவள், ஊருக்கு முன்னால் அவங்க, இவங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்டி இப்படி ஊரைக் கூட்டுகிறாய் என்று கேட்டேன். முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்: கலியாணமாகி வந்த நாளிலிருந்து இங்கே எல்லோருக்கும் அம்மா வீட்டிலிருந்து ஆள் வரும், எனக்கு மட்டும் வந்ததில்லை, ஒனக்கு யாருமே இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள், அக்காவுக்கு வண்டி ஆகாது என்று சொன்னால், வாந்திக்குப் பயந்து வராத அக்காவா என்று யாரும் நம்பவில்லை. குறை சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

இன்னும் யார் வீடு மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, அந்த அம்மாதான் முதலில் கேட்டவள் என்றாள். பாதை கொஞ்சம் சேறு. வண்டியை நிறுத்தி, இறங்கி முன்சக்கரப் பூட்டைத் திருப்பிவிட்டு ஏறினேன். தங்கச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றைத் தாண்டி அந்தப் படலையில் போய் நீளமாக ஹோர்ன் அடித்தேன். வெள்ளைத் தலையோடு ஒரு அம்மா வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களைப் பார்த்தார். தங்கச்சி தன் வசனத்தைச் சொன்னாள். அந்த அம்மா கிட்ட வந்து வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பி தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கச் சொன்னார். தங்கச்சியை இறக்க மரப்பெட்டியை எடுத்து வைத்தேன். ஒரு கையை என் தோளிலும் மறு கையை அந்த அம்மாவின் தோளிலும் போட்டுக்கொண்டு அவள் இறங்கினாள்.